கண்ணாடி ஆலை ஒப்பந்தமும் பதினாலாம் பத்தியும்

அன்பு மகளுக்கு அம்மா எழுதறது. அப்பாவோட முழங்கால் வலியைத் தவிர இங்கே ஒரு குறையும் இல்லை, நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குறைகூட இல்லாம இருப்பீங்கன்னு நம்பறேன். போன்ல சொன்னா பாதியில உனக்கு வேற அழைப்பு வந்துடும், அதான் கடுதாசி.

எங்க பல்கலைக்கழகத் துறை ஆராய்ச்சிக்கு ஒரு கண்ணாடி ஆலை பணம் தரப் போகுதுன்னு சொன்னேன் இல்லையா. ஆலையோட உலையை அப்படியே கம்ப்யூட்டருக்குள்ள உண்டாக்கி, நிஜ உலை எப்போ மக்கர் பண்ணும்னு முன்கூட்டியே சொல்ற மென்பொருள். அதைச் செய்யறது நாங்க குருவின்னு கூப்பிடற ஆராய்ச்சி மாணவி. அஞ்சு வருஷமா அதே ஜன்னலோர மேசை, சாப்பிடக்கூட ஆள் அனுப்பித்தான் கூப்பிடணும். பேராசிரியருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம், ஒப்பந்தத்தை ஆபீஸ்ல டைப் அடிக்கற என்கிட்ட தந்து மூணு படி எடுக்கச் சொன்னார். படி எடுக்கறவ படிக்கணும்னு சட்டம் இல்லை, ஆனா உங்கம்மாவைத்தான் உனக்குத் தெரியுமே. பதினாலாம் பத்தியில, ஆலை அனுமதி இல்லாம முடிவுகளை ரெண்டு வருஷத்துக்கு யாருக்கும் காட்டக் கூடாதுன்னு இருந்தது. குருவி ஆய்வேட்டைக் குடுக்க இன்னும் ஆறே மாசம். சொன்னா அதிகப்பிரசங்கின்னு பேரு, சொல்லாட்டி அந்தப் பொண்ணோட உழைப்பு பெட்டிக்குள்ள. போய்க் கேட்டுட்டேன், சார், அப்போ இவ ஆய்வேட்டை யார்கிட்ட காட்டிப் பட்டம் வாங்கறதுன்னு. அவர் ஒப்பந்தத்தை வாங்கி மேசை டிராயர்ல வெச்சுப் பூட்டிட்டார், ரெண்டு நாள் என் முகத்தையும் பார்க்கலை. வேலையே போச்சுன்னு நான் வீட்ல புலம்பினா, போனா நல்லது, சீட்டாட எனக்கு ஆள் கிடைச்சுதுன்னு அப்பா சிரிக்கறார்.

மூணாம் நாள் ஆலை மேலாளர் வந்தார். பேராசிரியர் குருவியோட என்னையும் உள்ளே கூப்பிட்டு, என்னைக் காட்டி, இவங்க கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் தெரியலை, நீங்களே சொல்லுங்கன்னுட்டார். நான் பதினாலாம் பத்தியை விரல் வெச்சுக் காட்டினேன். மேலாளர் அந்தப் பத்தியை ரெண்டு தடவை படிச்சுட்டு, வக்கீல் பழைய ஒப்பந்தத்தைப் பார்த்து எழுதிட்டார் போல, எங்க உலையோட ரகசிய அளவுகளை மறைச்சாப் போதும், மத்ததை அறுபது நாள்ல வெளியிடலாம்னார். உடனே குருவி, அளவெல்லாம் ஏற்கெனவே மாத்தித்தான் எழுதியிருக்கேன் சார்னா. எல்லாரும் சிரிச்சுட்டோம். திருத்தி எடுத்த படியில சாட்சின்னு ஒரு இடம் காலியா இருந்தது, பேராசிரியர் பேனாவை என் பக்கம் நீட்டினார். இருபத்திரண்டு வருஷத்துல எத்தனையோ ஒப்பந்தம் என் கையைத் தாண்டிப் போயிருக்கு, என் பேர் ஏறினது இதுலதான். கையெழுத்து கோழி கிளறின மாதிரி வந்துச்சு. இருக்கட்டும், நான் போட்டதுதானே.

நீங்க ரெண்டு பேரும் நோய்நொடி அண்டாம, நினைச்சது கைகூடி வாழணும். பல் வலியைத் தள்ளிப் போடாதே, இந்த வாரமே டாக்டரைப் பாரு.

என்றும் உன் நினைப்போட,
அம்மா