அப்பாவின் பிறந்த தேதி

மார்ச் 4
இன்றும் ஒரு திருகு இரண்டாகத் தெரிந்தது. கடிகாரம் பழுது பார்க்கிறவள் நான். கடையைச் சாத்திவிட்டுக் கண் டாக்டரிடம் போனேன். "குடும்பத்துல யாருக்காவது பார்வை போயிருக்கா?" என்றார்.
தாத்தாவுக்கு, அதாவது அப்பாவின் அப்பாவுக்கு, நாற்பத்தைந்தில் போனது. அவருடைய அண்ணனுக்கும் அப்படியே.
"ரத்த வழியா வந்ததுன்னா நிறுத்த முடியாதும்மா. மூணு தலைமுறை விவரம் எழுதிக்கொண்டு வாங்க."
எனக்கு நாற்பத்தொன்று.

மார்ச் 11
அப்பா பிறந்த ஆஸ்பத்திரி. பிறப்புப் பதிவேட்டில் பெற்றோரின் நோய்களையும் எழுதியிருப்பார்களாம். அப்பாவின் தேதியில் மூன்று குழந்தைகள், மூன்றும் பெண். முந்தின நாள், அடுத்த நாள் — எதிலும் இல்லை. "தேதி சரிதானா?" என்றார் எழுத்தர். வருஷா வருஷம் கொண்டாடுகிற தேதி தப்பாகுமா? சண்டை போடாத குறையாகத் திரும்பினேன்.

மார்ச் 12
வேலை ஓடவில்லை. இரண்டாம் மாதமே அப்பா நடந்தார் என்று தாத்தா ஊரெல்லாம் அளப்பார். நாங்கள் சிரிப்போம்.
இன்றுதான் என்னையே கேட்டுக்கொண்டேன்: ரெண்டு மாசத்துல எந்தக் குழந்தைடி நடக்கும்?

மார்ச் 14
மறுபடி போனேன். அந்தத் தேதியில் அப்பா பிறக்காமல், வளர்ந்த குழந்தையாக வந்திருந்தால்? கைவிடப்பட்ட குழந்தைகளின் பதிவேட்டைக் கேட்டேன். அதே தேதி. 'ஆண், பத்து மாதம், பெற்றோர் தெரியவில்லை, ஒப்படைக்கப்பட்டது.' கீழே தாத்தாவின் கையெழுத்து. தூக்கிக்கொண்டு வந்த நாளையே பிறந்த நாளாக்கிவிட்டார்.
அப்பாடா என்றிருந்தது. தாத்தா என் ரத்தம் இல்லை என்று தெரிந்ததும் எனக்கு வந்தது நிம்மதி! சே, என்ன ஜென்மம் நான்.

மார்ச் 15
அப்பாவிடம் சொல்வதா? எழுபத்திரண்டு வயதிலும் பாதிப் பேச்சை "எங்கப்பா" என்றுதான் தொடங்குகிறார். சொல்லவில்லை.

மார்ச் 20
டாக்டரிடம் மட்டும் சொன்னேன். மறுபடி சோதித்தார். கண் நரம்பில் வீக்கம்தானாம், மருந்துக்குக் கட்டுப்படுமாம்.
அப்பா வாசலிலேயே நின்றிருந்தார். "என்னம்மா சொன்னார்?"
"தாத்தாவுக்கு வந்தது எனக்கு வராதாம்ப்பா."
"அதெப்படி அவ்வளவு உறுதியா சொல்றார்?"
ஒரு பொய் தயார் செய்துகொண்டு வந்திருக்க வேண்டும். செருப்பைக் கழற்றக் குனிந்தேன். அப்பா என்னையே பார்த்தார்.
"எனக்கும் வரலையே" என்றார் மெதுவாக. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.
டம்ளரை மடியில் வைத்துக்கொண்டே சொன்னார். "கண்ணு போனப்புறம் எங்கப்பா என் தோளைத் தவிர வேற யார் தோளையும் பிடிச்சு நடந்ததில்ல. தெரியுமா உனக்கு?"
"தெரியும்ப்பா" என்றேன்.