கோயிந்தன் கூவல

ஐப்பசி 10, ஞாயிறு

விடியறப்பவே தூறல். வலது முட்டி இட்லி மாதிரி வீங்கிக் கீது. தைலம் காலி.

நேத்து ரேஷன் கடை. மெஷின்ல என் ரேகை வுழல. கடக்காரரு, "பெருசு, நல்லா தொடச்சிட்டு வைங்க." தொடச்சேன். வுழல. ஏழுமலைக்கும் வுழல. "மெஷினுக்கு நாங்கல்லாம் செத்துட்டோமா சார்?"ன்னேன். சிரிக்கல அவரு. சிரிக்கத் தெரியாத ஆளு.

மறதி ஜாஸ்தி ஆவுது. அதனால கூவு சட்டத்த எழுதி வெச்சிக்கறேன். போன வருசம் மேட்டு வூட்டு கெழவன் செத்து மூணு நாள் கழிச்சி தான் எங்களுக்குத் தெரிஞ்சிது. அதுல இருந்து காலைல எல்லாரும் அவங்கவங்க வாசல்ல நின்னு கூவணும். மொதல்ல மேல ராமக்கா, "ஏஏஏய்". அப்பறம் நான், "ஓஓய்", பின்னால ஒரு சிரிப்பு. எனக்குக் கீழ மச்சான் கோயிந்தன், "ஊஊப்", கடைசில ரெண்டு இருமல். அவனுக்கும் கீழ ஏழுமலையும் பொண்டாட்டியும். எவன் கூவலயோ அவனப் பாக்க மேல்வூட்டு ஆளு எறங்கிப் போவணும். என்னப் பாக்க ராமக்கா. கோயிந்தனப் பாக்க நான்.

அவ்ளோ தான் ஊரு. புள்ளைங்க திருப்பூரு, பெங்களூரு. சாமக் கொல்லைல களை புடுங்க ஆளில்ல, முள்ளு தான் வெளையுது. பள்ளிக்கூடம் பூட்டியாச்சி. இந்த நோட்டு அங்க கெடந்தது தான். அஞ்சாவதோட வுட்டத இப்ப முடிக்கறேன்.

மத்தியானம் பொழுது போவல. கோயிந்தன் வூட்டாண்ட போனேன். டவர் கெடைக்கறது என் வூட்டு பாற மேல ஒண்டி தான், அதனால அவன் பையன் முருகன் போன் பண்றது எனக்குத் தான்.

"மச்சான், முருகன் பேசுனான். நாளைக்கு பொண்டாட்டி புள்ளைங்களோட வர்றானாம். இனிமே இங்கயே தானாம்."

"மெய்யாவா?"

"உன் தங்கச்சி மேல சத்தியம்."

அவ, என் பொண்டாட்டி, போய் ஆறு வருசம் ஆச்சி. இனிமே அவளுக்கு இன்னா ஆவப் போவுது. கோயிந்தன் மூஞ்சில கரண்ட் வந்துச்சி.

ஐப்பசி 11, திங்கள்

மழ இல்ல. கோயிந்தன் வூடு மொழுவறான். கோழி அடிச்சான். பின்னால தொவைக்கிற கல்லுல பாசி சொரண்டறான், பேரப்புள்ளைங்க வழுக்கி வுழுந்துருமாம். சிரிப்ப அடக்க துண்ட வாயில வெச்சிக்கினேன்.

வெள்ள சட்ட போட்டுனு ரெண்டு பஸ்ஸுக்கும் போய் நின்னான். சாயந்திரம் திரும்பி வந்தான்.

"டேய் வேடி, நீ மனுசனாடா?"

"கொழம்பு ஆறுது மச்சான். எனக்கு ஒரு கிண்ணம்…"

"இனிமே உன்கூட பேச்சே கெடயாது. கூவக் கூட மாட்டேன், போடா."

மேல இருந்து ராமக்காவும் சிரிச்சா. கொழம்பு வர்ல.

ஐப்பசி 12, செவ்வாய்

மஞ்சு கப்பிக்கிச்சி, கை தூரம் தெரில. ராமக்கா கூவுனா. நான் கூவுனேன். கோயிந்தன் கூவல. சொன்னபடியே வீம்பு.

எறங்கிப் போவணும் தான். முட்டி. சேறு. போனா அவன் கெலிச்சான்னு ஆயிடும்.

அவன் கொரல்ல நானே கூவுனேன். ரெண்டு இருமலோட. எத்தினியோ தபா பண்ணது தான். கேட்டா ஓடியாந்து திட்டுவான், "நான் இன்னும் சாவலடா!"ன்னு. இன்னிக்கி வர்ல. சரியான கோவம்.

கீழ ஏழுமலை கூவுனான். எல்லாரும் கூவியாச்சின்னு மேல ராமக்கா கதவு சாத்தற சத்தம் கேட்டுச்சி.

மத்தியானம் நல்ல மழ. களி. பச்ச மொளகா.

ஐப்பசி 13, புதன்

கோயிந்தன் இன்னிக்கும் கூவல. இன்னிக்கும் நானே. இருமல் ரொம்ப நல்லா வந்துச்சி. அவனே தோத்தான்.

சாயந்திரம்.

கோயிந்தன் போய்ட்டான்.

புதங்கிழம மாத்திர குடுக்க வர்ற நர்சம்மா தான் பாத்துச்சி. தொவைக்கிற கல்லத் தாண்டி, வேலியாண்ட. இடுப்பு ஒடஞ்சி.

"எப்ப வுழுந்தாருன்னு தெரிலயே"ன்னுச்சி.

ராமக்கா, "காலைல கூவுனானேம்மா. நேத்தும் கூவுனான். என் காதால கேட்டேன்."

"அப்ப அதுக்கப்பறம் தான் வுழுந்திருப்பாரு. சட்டுன்னு போயிருக்கும். கஷ்டப்படல பாட்டி."

எல்லாரும் மூச்சு வுட்டாங்க. நானும் தலய ஆட்டுனேன்.

ஆனா நான் பாத்தேன். அவன் நகத்துல மண்ணு. கல்லுல இருந்து வேலி வரைக்கும் ஒடம்ப இழுத்துனு வந்த தடம். வேலி என் வூட்ட பாத்த பக்கம். கல்லாண்ட தடம் நேத்து மழைல கரைஞ்சி போயிருந்துச்சி. வேலியாண்ட புதுசா இருந்துச்சி.

ஐப்பசி 14, வியாழன்

முருகன் வந்துட்டான். காடு வரைக்கும் தூக்க நாலு பேரு வேணும். முருகன், கார் ஓட்டினு வந்தவரு, ஏழுமலை, நான். ஏழுமலைக்கு குடல் எறக்கம், எனக்கு முட்டி. மூணு எடத்துல பாடைய எறக்கி வெச்சோம். கோயிந்தன் ஒல்லி, அதனால பொழச்சோம். அடுத்து ஏழுமலை போனா எவன் தூக்கறது, ஆட்டுக்கல்லு மாதிரி கீறான். சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சி. மொத தபா அடக்கிக்கினேன்.

"மாமா, அப்பா கடைசியா இன்னா பேசுனாரு?"

"உன்னப் பத்தி தான்டா."

பொய் இல்ல.

"வலி இல்லாம போனாராமே. ராமக்கா அத்த சொன்னாங்க. அது ஒண்ணு தான் மாமா மனசுக்கு…"

சொல்லிடலாம்னு வாயத் தொறந்தேன். இருமல் வந்துச்சி. ரெண்டு.

ஐப்பசி 17, ஞாயிறு

முருகன் நேத்தே பஸ் ஏறிட்டான். வூடு பூட்டு. கோழிங்க ஏழுமலைக்கு.

தூக்கம் இல்ல. ஒரே கணக்கு.

செவ்வாக்கிழம அவனுக்கு உசிரு இருந்துச்சி.
அவன் காது பாம்புக் காது.
ராமக்கா கூவுனது கேட்டிருக்கும்.
நான் கூவுனது கேட்டிருக்கும்.
அப்பறம் அவனே கூவறது கேட்டிருக்கும்.
அப்பறம் கதவு சாத்தறது.

கத்திப் பாத்திருப்பானா? எனக்கு எதுவும் கேக்கல. நான் கத்துன சத்தத்துல கேக்கலயோ இன்னாவோ.

ஐப்பசி 18, திங்கள்

இப்ப எனக்கு அப்பறம் ஏழுமலை தான் கூவணும். ஆனா சட்டுன்னு கூவ மாட்டேங்கறான். நடுவுல ஒரு கூவு அளவுக்கு எடம் வுடறான். பழக்கம். அந்த எடத்துல மூச்சு வுடறதுக்கே பயமா கீது.

ராமக்கா புளி குடுக்க வந்தா. சொல்லிடணும்னு இருந்தேன்.

"யோவ், மூஞ்சி ஏன் இப்டி கீது?"

"உன்ன நெனச்சி தான் கலெக்டரம்மா."

"த்தூ. பல்லு போயும் பேச்சு போவல." புளிய வெச்சிட்டு சிரிச்சினே ஏறிப் போய்ட்டா.

என் வாய்க்கு சிரிக்க வெக்க ஒண்டி தான் தெரியுது.

சொன்னா முருகனுக்கு நிம்மதி போவும். சொல்லலன்னா இந்தக் கூவ இன்னும் நம்பினு கீறாங்க எல்லாரும். கொரல எவன் வேணா எடுக்கலாம்னு எனக்கு ஒண்டி தெரியும்.

ஐப்பசி 19, செவ்வாய்

மஞ்சு. முட்டி மடங்கல. மேல ஏற முடியாது. கட்டில்ல குந்தினு எழுதறேன்.

முடிவு பண்ணிட்டேன். இன்னிக்கி நான் கூவ மாட்டேன். கூவலன்னா ராமக்கா எறங்கி வரணும், சட்டம். வந்து நின்னா சொல்லிடறேன். சிரிக்காம.

ராமக்கா கூவிட்டா.

நான் கூவல.

இன்னொரு தபா கூவறா. "யோவ் வேடி!"

பல்லக் கடிச்சினு கீறேன்.

தடி சத்தம். படியில எறங்கறா. வர்றா.

கீழ இருந்து. கோயிந்தன் வூட்டு பக்கம். "ஓஓய்". பின்னால சிரிப்பு. என் கொரலு.

அப்பறம் ரெண்டு இருமல்.

தடி நின்னுபோச்சி. "கீறியா, எழவெடுத்தவனே"ங்கறா. சிரிக்கறா.

வாயத் தொறக்கறேன். கொரல் வர்ல.

திரும்பி ஏறிப் போய் கதவு சாத்தறா.