நான்கு இடம், நான்கு சிப்பாய்

என் சின்ன மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம், நலம் என்று எழுதத்தான் மனம் வரவில்லை. நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருக்கிறீர்கள், பல்செட் செய்யும் இடத்தில் உன்னை மேற்பார்வைக்கு உயர்த்திவிட்டார்கள் என்று சித்தி சொன்னாள், கேட்டு வயிறு குளிர்ந்தது. எழுத்து கோணல்மாணலாக இருக்கிறதே, கிழவன் குடித்துவிட்டு எழுதினானா என்று நினைக்காதே. வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு, இடது கையால் எழுதுகிறேன், முப்பத்தெட்டு வருஷம் வெட்டுக்கத்தி பிடித்த கை மரப்பலகை மாதிரி கிடக்கிறது. அது எப்படி உடைந்தது என்று பிறகு சொல்கிறேன். மாப்பிள்ளை என்று எழுதியதைப் பார்த்துக் கடிதத்தைக் கிழித்துவிடாதே. நான்கு வருஷத்தில் அந்த வார்த்தையை இன்றுதான் எழுதுகிறேன், எனக்கே கை கூசுகிறது.

போன் செய்தால் நீ எடுப்பதில்லை, அது உன் நியாயம், அதைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. விஷயம் அந்த உலகத்தைப் பிடிக்கும் விளையாட்டைப் பற்றியது. சின்ன வயதில் நீயும் அண்ணனும் அட்டையைத் தரையில் விரித்து, பகடை உருட்டி, கடைசியில் ஒருவர் தலைமயிரை ஒருவர் பிடித்துக்கொண்டு முடிப்பீர்களே, அதேதான் இப்போது போனில் வந்திருக்கிறது. ஆளுக்கு ஒரு நிறம். ஒருவர் முடித்த பிறகுதான் அடுத்தவர், ஒவ்வொருவருக்கும் ஒரு நாள் அவகாசம், அதற்குள் ஆடாவிட்டால் கம்ப்யூட்டரே ஆடிவிடும். முதலில் புது ஆட்களை இறக்க வேண்டும், பிறகு பக்கத்து இடத்தை அடிக்க வேண்டும், கடைசியில் ஒரே ஒரு முறை படையை நகர்த்தலாம். இதை எனக்குக் கற்றுக்கொடுக்க உன் அண்ணிக்கு ஒரு வாரம் ஆயிற்று. கறிக்கடையில் கை முழுக்க ரத்தம், அதனால் போனைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டுத்தான் தொடுவேன். முதல் நாளே கட்டைவிரல் தவறிப் பட்டு, சித்தியின் படையில் பன்னிரண்டு பேரைத் தேவையே இல்லாமல் கொன்றுவிட்டேன். மூன்று நாள் அவள் என்னோடு பேசவில்லை.

அண்ணன் சிவப்பு, நான் பச்சை, அம்மா மஞ்சள், சித்தி நீலம். ஐந்தாவது ஆள் வேண்டும் என்று அண்ணன் சொன்னதும் சித்தி அந்த ஆட்டத்தின் நம்பரைத் தன் போனில் இருக்கிற அத்தனை பேருக்கும் அனுப்பிவைத்தாள், அவள் எதையாவது ஒருவருக்கு மட்டும் அனுப்பியிருக்கிறாளா. மறுநாள் கறுப்பு நிறத்தில் ஒரு ஆள் வந்து உட்கார்ந்தது. பெயர் கொடுக்காததால் விளையாட்டே 'விருந்தாளி' என்று பெயர் வைத்திருந்தது.

அந்த விருந்தாளி நீதான் என்று எனக்குத் தெரியும். யாரும் சொல்லவில்லை, உன் ஆட்டத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். நாற்பது நாளாகத் தினமும் மதியம் ஒன்று பத்துக்கு உன் ஆட்டம் வருகிறது, அது உன் சாப்பாட்டு நேரம். நாற்பது நாளில் மஞ்சளின் மீது ஒரு முறைகூட நீ பகடை உருட்டவில்லை, வழியில் நின்றாலும் சுற்றிக்கொண்டு போகிறாய். அதற்கும் மேலே உன் பழைய தவறு. அடிக்கப் புறப்பட்டால் மொத்தப் படையையும் கூட்டிக்கொண்டு போவாய், பின்னால் ஒவ்வொரு இடத்திலும் ஒற்றைச் சிப்பாயை விட்டுவிட்டுப் போவாய். அந்தக் காலத்திலும் அப்படித்தான் ஜெயித்துக்கொண்டே போய், திரும்பிப் பார்த்தால் வீடு போயிருக்கும், உதட்டைக் கடித்துக்கொண்டு அழாமல் உட்கார்ந்திருப்பாய். இத்தனை கோபத்தோடு இத்தனை அஜாக்கிரதையாக ஆடுகிறவள் என் மகளைத் தவிர வேறு யார் இருக்க முடியும். மூன்று பகடையால் அடி, ஆனால் எல்லையில் குறைந்தது மூன்று பேரையாவது விட்டுவிட்டுப் போ. அடிக்கிறவன் பகடையும் காக்கிறவன் பகடையும் சமமாக விழுந்தால் ஜெயம் காக்கிறவனுக்குத்தான் என்பதை மறக்காதே.

ஆனாலும் நீ அடிக்கிற அடி இருக்கிறதே, பார்த்து எனக்கே நெஞ்சு அதிர்கிறது. முதலில் நீலத்தைத் துடைத்தாய், சித்தி பாவம், எட்டே நாளில் உலகத்திலேயே இல்லாமல் போனாள். பிறகு வட அமெரிக்காவில் சிவப்பை ஒரு மூலைக்குத் தள்ளி, ஐம்பது பேரையும் ஒரே மதியத்தில் அரைத்தாய். எட்டு எட்டாக, பத்து பத்தாக அவன் ஆட்கள் விழுந்தார்கள். அவன் ஓட வழி இருந்தும் நீ சுற்றி வந்து அந்த வழியை அடைத்துவிட்டு அடித்தாய். போன வாரம் மேலே பனிக்கட்டி வழியாக ஐரோப்பாவில் இறங்கி ஏழு இடத்தில் ஆறு இடத்தைப் பிடித்துவிட்டு, கடைசி இடத்தில் சிவப்பின் ஆட்கள் இரண்டு பேரை மட்டும் உயிரோடு விட்டுவிட்டுப் போனாயே, கை ஓய்ந்து நிறுத்தவில்லை, வேண்டுமென்றே விட்டாய். அதைப் பார்த்தபோது எனக்கு நம் கடையின் பின்னறை ஞாபகம் வந்தது. உன் அண்ணன் மாப்பிள்ளையை அப்படித்தான் விட்டான், சாகாத அளவுக்கு.

அதை நான் எழுதியே ஆக வேண்டும், குறுக்கே பேசாமல் படி. அன்றைக்கு மாப்பிள்ளை நம் கட்டடத்தில் லிஃப்ட் ரிப்பேர் செய்ய வந்தவர், உன்னைப் பெண் கேட்டு எங்களிடம் பேசக் கடைக்கு வந்தார், சுத்தமான சட்டை போட்டுக்கொண்டு வந்தார். உன் அண்ணன் அவரைத் தோளில் கை போட்டுப் பின்னறைக்குக் கூட்டிப்போனான். கத்தி தீட்டுகிற இரும்புக்கம்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, "அப்பா, கதவச் சாத்துங்க" என்றான். நான் சாத்தினேன். சாத்தியது மட்டுமில்லை, தாழ்ப்பாள் போட்டுவிட்டு, முதுகைக் கதவில் கொடுத்து நின்றேன். நீ வெளியிலிருந்து ஓடி வந்து என் கையைப் பிடித்து இழுத்தாய், என் முழங்கையைக் கடித்தாய், தழும்பு இன்னும் இருக்கிறது. நான் நகரவில்லை. தாடை உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. ஆயிரக்கணக்கில் எலும்பு உடைத்தவனுக்கு அந்தச் சத்தம் தெரியாதா. ஆறு வாரம் அவர் குழாய் வைத்துக் குடித்தார் என்று சித்தி சொல்லித்தான் தெரியும். அடித்தவன் அவன், அவன் மேல் நீ படை எடுத்தது சரி. ஆனால் தாழ்ப்பாள் போட்டவனை நீ நாற்பது நாளாக ஒரு அடிகூட அடிக்கவில்லை, அது எனக்குப் பொறுக்கவில்லை.

இங்கே நடந்ததையும் கேள். ஐரோப்பா போன அன்று உன் அண்ணன் போனை வெட்டுக்கட்டையின் மேல் வைத்துக் கொடுவாக்கத்தியால் ஒரே போடு போட்டான். கண்ணாடிச் சில் பறந்து அண்ணியின் கன்னத்தில், கண்ணுக்குக் கீழே ஒரு விரல் அளவு தள்ளிப் பாய்ந்தது, மூன்று தையல். மன்னிப்புக் கேட்டான், மறுநாளே வேறு போன் வாங்கிவந்து மறுபடியும் உட்கார்ந்துவிட்டான். விருந்தாளி யார் என்பதே பேச்சாகிவிட்டது. வாரம் ஒருமுறை கத்திக்குச் சாணை பிடிக்க வருவாரே, அந்த மனிதர் மதியம் தன் போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். பேரப்பிள்ளை படமாம். இவர்தான் விருந்தாளி என்று அண்ணன் அவரைக் காதைப் பிடித்துப் பின்னறைக்கு இழுத்துப் போனான், காது மடல் கிழிந்து சட்டை நனைந்துவிட்டது. அதே கம்பியை எடுத்தான். அதே வார்த்தை, "அப்பா, கதவச் சாத்துங்க."

கை தாழ்ப்பாள் வரைக்கும் போனது மகளே, பொய் சொல்ல மாட்டேன், பழகின கை தானாகப் போனது. பிறகு எப்படியோ உள்ளே போய் நடுவில் நின்றேன். ஓங்கின கம்பி நிற்கவில்லை, என் மணிக்கட்டில் இறங்கியது, இரண்டு எலும்பும் போயிற்று. சாணைக்காரர் என் காலுக்கு அடியில் புகுந்து ஓடினார். உன் அண்ணன் கம்பியைக் கீழே போட்டுவிட்டுக் கவிழ்த்துவைத்த பெட்டியின் மேல் உட்கார்ந்து வாந்தி எடுத்தான். அதற்குப் பிறகு இரண்டு நாள் போனைத் தொடவில்லை. மூன்றாம் நாள் ஒன்று பத்துக்கு மறுபடியும் போனைக் கையில் எடுத்தான். நிறுத்தித் தொலை என்று அம்மா சொன்னாள், நிறுத்தினால் தோற்றவன் ஆகிவிடுவேன் என்கிறான். இப்போது சித்தியிடம் போய் நம்பரை யார் யாருக்கு அனுப்பினாய், காட்டு என்று கேட்டிருக்கிறான். அம்மா அன்று சாயங்காலமே சித்தி வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொண்டே அந்தப் போனைத் துணி ஊறவைத்த வாளியில் தவறவிட்டுவிட்டு வந்தாள். உன் அம்மாவுக்கு எதுவும் தவறி விழாது என்பது உனக்குத் தெரியும். ஆனால் அந்தப் போன் உலர்ந்துவிட்டால் உன் பெயர் அதில் இருக்கும், அவன் அடுத்த வண்டி பிடித்து உன் வாசலுக்கு வருவான். அதற்குள் இந்த ஆட்டம் முடிய வேண்டும், ஆட்டம் முடிந்தால்தான் அவன் வெறியும் இறங்கும், எனக்கு அவனைத் தெரியும்.

இனி நான் சொல்கிறபடி ஆடு. தென் அமெரிக்கா முழுக்கப் பச்சை, நான்கு இடம். இடத்துக்கு ஒரே ஒரு சிப்பாய்தான் நிற்கிறான். தினமும் எனக்கு வருகிற ஐந்து பேரையும் உன் வாசலில் ஒற்றைப் பகடையால் மோதவிட்டுச் சாகடித்துக்கொண்டிருக்கிறேன், கிழவனுக்கு மூளை குழம்பிவிட்டது என்று நீ நினைத்திருப்பாய். தோற்பதற்கு அதுதான் சுருக்கு வழி. அப்படியும் சில நாள் உன் ஆட்கள் ஒன்றிரண்டு பேர் விழுந்துவிட்டார்கள், மன்னித்துக்கொள், பகடை என் பேச்சைக் கேட்பதில்லை. விளையாட்டில் செய்தி எழுதினால் அண்ணனும் படிப்பான், அதனால்தான் இந்தக் கடிதம். என் இடத்துக்கு உள்ளே வர இரண்டே வாசல். வடக்கு வாசலில் நீ நிற்கிறாய், பதினெட்டுப் பேர். கிழக்கே ஆப்பிரிக்காவில் உன் அம்மா நிற்கிறாள், முப்பத்தொரு பேர். இன்றுவரை அவள் யாரையும் அடித்ததில்லை, உட்கார்ந்து ஆள் சேர்த்துக்கொண்டே இருந்தாள், எதற்கு என்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது. சிவப்பு இந்தப் பக்கம் வரணும்னா என்னைத் தாண்டித்தான் வரணும் என்று சொல்லிவிட்டாள். நேற்று அவன் ஆசியாவில் மிச்சமிருந்த இருபது பேரோடு வந்து மோதினான், இருபதும் போயிற்று, அம்மா கீரை ஆய்ந்துகொண்டே பார்த்தாள்.

இடம் பிடித்த நாளில் ஒரு சீட்டட்டை கிடைக்குமே, அப்படி என் கையில் நான்கு அட்டை இருக்கிறது. ஒருவரை அடியோடு அழித்தால் அவருடைய அட்டைகள் அழித்தவருக்கு வந்துவிடும் என்பது உனக்குத் தெரியும். உன் கையில் மூன்று, சேர்ந்தால் ஏழு, ஏழில் மூன்று அட்டைத் தொகுப்பு ஒன்றாவது நிச்சயம் தேறும், இப்போது ஒரு தொகுப்புக்கு முப்பது பேர் வருகிறார்கள். அந்த முப்பது பேரையும் பிரித்து இறக்காதே, மொத்தமாகச் சிவப்பின் வாசலில் இறக்கு. அங்கே அவன் மெலிந்து கிடக்கிறான், ஒரே ஆட்டத்தில் முடியும். ஆட்டுக்குட்டி ஆனாலும் ஒரே வெட்டில் முடிக்கணும், அரை வெட்டு வெட்டி வேடிக்கை பார்க்கிறவன் கசாப்புக்காரன் இல்லை. அந்த இரண்டு பேரை உயிரோடு விட்டுவைத்தாயே, அது நீ இல்லை, அது நம் பின்னறை. அதை நீ எடுத்துக்கொண்டு போகாதே. பிறகு மஞ்சளும் கறுப்பும் உலகத்தைப் பங்குபோட்டுக்கொள்ளுங்கள், அம்மா உன்னிடம் தோற்கத் தயாராகத்தான் இருக்கிறாள்.

என்னை அடிக்கக் கை வராது என்று எண்ணாதே. பொம்மைச் சிப்பாய்தான், ரத்தம் வராது. ஆனால் எனக்கு அது வேண்டும். நாற்பது நாளாகத் தினமும் ஒன்று பத்துக்கு எடுத்துப் பார்க்கிறேன், பச்சையை மட்டும் நீ தாண்டிப் போகிறாய், அடிக்கக்கூட வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டவளைப் போல. அதைவிட உன் அடி மேல்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, சாப்பாட்டு நேரத்தைப் போனிலேயே கழிக்காதே. மாப்பிள்ளைக்குக் குளிர் நாளில் தாடை வலிக்கும், உடைந்த எலும்பு அப்படித்தான், வெந்நீர்த் துணி வைத்துவிடு. நான் சொன்னேன் என்று சொல்ல வேண்டாம், சொல்லாமல் வைத்துவிடு. நீங்கள் இருவரும் நீண்ட காலம் பயமில்லாமல் வாழ வேண்டும், உங்கள் வீட்டுக் கதவுகள் உங்கள் கையில் இருக்க வேண்டும், இதுதான் அப்பாவின் ஆசி. அம்மா தனியாக எழுதமாட்டாளாம், முப்பத்தொரு பேரை நிறுத்தியிருக்கிறேனே அது போதாதா என்கிறாள்.

ஒன்று மட்டும் மறக்காதே. இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றே, ஒன்று பத்துக்கு, வடக்கு வாசல் வழியாக மூன்று பகடையாலும் அடித்துக்கொண்டு உள்ளே வா. இந்தத் தடவை தாழ்ப்பாள் போடவில்லை.

உன் கைக்காகக் காத்திருக்கும்,
பச்சை நிறத்து அப்பா