சேவை நாளுக்கு அடுத்த வாரம்

மார்ச் 3

அன்புள்ள வாலுக்கு,

அன்றைக்கு உன் பிசினஸ் ஸ்கூல் ஹாலில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பாட்டிக்கு ஞாபகம் தப்பிவிட்டது என்று நாளைக்கு நீ சொல்லக் கூடாது. முன் வரிசையில் சாம்பல் நிறச் சால்வையோடு உன் மேடம். அவளுக்கு இந்தப் பக்கம் வாஷிங் மெஷின் கம்பெனி மேனேஜர், ஷூவைக் கழற்றிக் காலை ஆற்றிக்கொண்டிருந்தவர். அந்தப் பக்கம் அவர் பையைத் தூக்கி வந்த பெண். பின்னால் உன்னோடு படிக்கிற நெட்டையன், எதற்கெடுத்தாலும் தலையாட்டுகிறானே அவன். அதற்கும் பின்னால் உன் அப்பன், வாயைத் திறந்து தூங்கின உன் அத்தை, தூண் மறைக்கிற நாற்காலியில் நான்.

தூண் மறைத்தாலும் காது மறைக்கவில்லை. நீ பேசினது எனக்குப் புரிந்தது. கம்பெனிக்காரர்கள் மாதம் ஒருநாள் ‘சேவை நாள்’ என்று ஆட்களை அனுப்பிப் பள்ளிக்கூடச் சுவருக்கு வெள்ளையடிக்கச் சொல்கிறார்கள். அடித்துவிட்டு வந்த அடுத்த வாரம் அதே ஆட்கள், மெஷின் கெட்டுப்போச்சு என்று போன் பண்ணுகிறவர்களிடம், வாரண்டியில் இலவசமாக மாற்றித் தரலாம் என்பதைச் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள். மற்ற வாரங்களைவிட அந்த வாரம்தான் அதிகம். ஒரு நல்லது செய்துவிட்டால் ஒரு கெட்டதற்கு மனசு அனுமதிச் சீட்டு எழுதிக் கொடுத்துவிடுகிறது என்றாய். கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

அடுத்து என்ன சொன்னாய்? “இந்தக் கேள்வியே எங்க மேடம் எனக்குக் கொடுத்ததுதான்.”

அப்படியா வாலு? யாரையாவது ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்த அன்றைக்குத்தான் உன் தாத்தா என்மேல் எரிந்து விழுவார், இன்றைய நல்லதைச் செய்து முடித்தாயிற்று என்று முகத்திலேயே எழுதி ஒட்டியிருக்கும் என்று நான் சொன்னேனே. நீ பல் தேய்த்துக்கொண்டு நின்றாய். சிரித்ததில் நுரை என் புடவையில் தெறித்தது. “பாட்டி, இதை வெச்சே ஒரு ஆராய்ச்சி பண்ணலாம்” என்றாய். என் வாயிலிருந்து எடுத்து அவள் வாயில் வைத்துவிட்டாய்.

இன்னொன்று. பேசி முடித்ததும் அவள் பிளாஸ்கைத் திறந்து, தான் குடித்த மூடியிலேயே உனக்கும் ஊற்றினாள். நீ குடித்தாய். சின்ன வயசில் என் டம்ளரைக் கழுவிக் கொடுத்தால்கூடக் குடிக்க மாட்டாய்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

பாட்டி


மார்ச் 12

அன்புள்ள பாட்டி,

கடிதத்தைப் படித்துச் சிரித்தேன், பிறகு கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. தாத்தாவின் கோபத்தை அடிக்குறிப்பில் போட முடியாது பாட்டி. வழிகாட்டியின் பெயரைச் சொல்வது எங்கள் வழக்கம். பிளாஸ்க் விஷயத்தில் ஒன்றுமில்லை. தொண்டை காய்ந்திருந்தது, அவ்வளவுதான்.

இங்கே ஒரு சிக்கல். மேனேஜர் போன வாரம் வந்தார். சேவை நாளுக்குப் பிறகு ஊழியர்கள் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்கிற பாதி அவருக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. விளம்பரத்தில்கூடப் போடுவார்களாம். அடுத்த வாரம் என்ன நடக்கிறது என்கிற பாதியை மட்டும் எடுத்துவிடச் சொல்கிறார். எங்கள் ஆய்வே அவர்கள் பணத்தில்தான் நடக்கிறது. மேடமிடம் சொன்னேன். ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தூக்கமே வரவில்லை.

நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

உங்கள் வாலு


மார்ச் 17

என் செல்ல வாலுக்கு,

நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று என்னைக் கேட்டாயே, அந்த வரியை உன் அத்தைக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். “சரி, அதுக்கு ஏன் என்னை எழுப்புறே?” என்கிறாள். அவளுக்கு என்ன தெரியும்.

கேட்டதால் சொல்கிறேன். வெட்டாதே. நீ எண்ணினதை எண்ணினபடி போடு. மேனேஜர் முகம் சுருங்கினால் சுருங்கட்டும்.

உன் மேடம் ஜன்னலைப் பார்த்தாள் என்றாயே, அதுதான் அவள். மேடையில் நீ அடுத்த வாரத்தைப் பற்றிப் பேசும்போது மேனேஜர் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். தூணுக்கு இந்தப் பக்கமிருந்து கழுத்தை நீட்டிப் பார்த்தேன். இந்த மாதிரி ஆட்களுக்குப் பாடம் வேறு, பிழைப்பு வேறு. அவளை விட்டு வந்துவிடு. நீ முதலாவது படிக்கும்போதிருந்து உனக்கு நல்லது கெட்டது சொன்னது நான். நடுவில் வந்தவளுக்கு ஒரு சால்வையும் ஒரு பிளாஸ்கும்தானே இருக்கிறது.

உன் அப்பன் டைரியில் அவள் போன் நம்பர் இருக்கிறது. நான் அவளிடம் இரண்டு வார்த்தை பேசப் போகிறேன். நீ நடுவில் வராதே.

முத்தங்களோடு,
பாட்டி


ஏப்ரல் 2

அன்புள்ள பாட்டி,

சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன். மேடமை விட்டு வந்துவிட்டேன். நீங்கள் சொன்ன இரண்டில் ஒன்றைக் கேட்டிருக்கிறேன்.

வெட்டச் சொன்னது மேடம் இல்லை. மறுநாளே மேனேஜரிடம், “பாதியைத்தான் போடுவீங்கன்னா என் பேரைப் போடாதீங்க” என்று சொல்லிவிட்டார். கம்பெனி பணத்தை நிறுத்தியது. ஸ்கூல் அவரை ஆய்விலிருந்து எடுத்து முதலாண்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்க அனுப்பிவிட்டது. அறையும் போய்விட்டது. நகல் எடுக்கிற இடத்தில் ஒரு மேஜை கொடுத்திருக்கிறார்கள்.

கட்டுரை என் ஒருத்தி பெயரில் வருகிறது. அடுத்த வாரப் பகுதி அதில் இல்லை. பொய் எதுவும் எழுதவில்லை பாட்டி, ஒன்றைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன். கம்பெனியில் நன்னெறிப் பிரிவு என்று புதிதாகத் தொடங்குகிறார்கள், அதற்கு என்னைத் தலைவியாக எடுத்திருக்கிறார்கள். உள்ளே இருந்தால்தான் எதையாவது மாற்ற முடியும். மேடமுக்கு அது புரியவில்லை. உங்களுக்குப் புரியும்.

முன்னுரையில் ‘இந்தக் கேள்வியைத் தந்தவர் என் பாட்டி’ என்று எழுதியிருக்கிறேன். மேடம் பெயர் எங்கேயும் இல்லை. இப்போது மனக்குறை தீர்ந்ததா?

மே மாதம் லீவில் வருகிறேன்.

உங்கள் வாலு


ஏப்ரல் 9

வாலுக்கு,

உன் கடிதம் வருவதற்கு முந்தின நாளே உன் மேடமுக்குப் போன் போட்டுவிட்டேன். அத்தைதான் அழுத்திக் கொடுத்தாள். எடுத்த எடுப்பில், “கம்பெனிக்காரன் காசுக்கு எம் பேத்தியை வெட்டச் சொல்றியாமே, நீயெல்லாம் ஒழுக்கத்தைப் பத்திப் பாடம் எடுக்கிறியா?” என்று கேட்டேன். அவள் பக்கத்தில் ஏதோ மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

“நீங்க சொல்றது சரிதாம்மா. வெட்டக் கூடாது” என்றாள்.

“பின்னே?”

“அவ நல்ல பொண்ணு. ரொம்ப உழைச்சா. நான்தான் இன்னும் கொஞ்சம் பொறுமையாப் பேசியிருக்கணும்.”

“இப்பவாவது தெரிஞ்சுதே” என்று சொல்லி வைத்துவிட்டேன். ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் அன்றைக்கு அத்தைக்கு இரண்டாவது தடவையும் காபி போட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் உன் கடிதம் வந்தது.

அவள் ஒரே வார்த்தையில் உன்னைக் காட்டிக் கொடுத்திருக்கலாம். “உங்க பேத்தியைக் கேளுங்க” என்று சொல்லியிருந்தாலே போதும். நான் அத்தனை ஏசினேன், அவள் உன்னை விட்டுக்கொடுக்கவில்லை. உன்னை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறது என் உரிமை. அதையும் அவள் எடுத்துக்கொண்டாள். எனக்கு வயிறு எரிகிறது. அவளைக் கெட்டவளாக வைத்துக்கொண்டு கொஞ்ச காலம் நிம்மதியாக இருக்கலாம் என்று பார்த்தேன். அதற்கும் வழியில்லாமல் பண்ணிவிட்டாய்.

திரும்ப அவளுக்குப் போன் போடவில்லை. போட்டால் மறுபடியும் உன்னைப் பற்றி நல்லதாகவே சொல்வாள். அதைக் கேட்டுக்கொண்டு நிற்க என்னால் முடியாது.

பொய் எழுதவில்லை, சொல்லாமல் விட்டேன் என்கிறாய். போனில் வாரண்டியைச் சொல்லாமல் விட்டவர்களைத்தானே நீ ஒவ்வொருவராக எண்ணிக் காட்டினாய்? கேள்வியை வெட்டி எறிந்துவிட்டு, கேட்டவள் பெயரை மட்டும் வைத்திருக்கிறாய். என் பெயரை எடுத்துவிடு. அவள் பெயர் இல்லாத இடத்தில் என் பெயர் இருந்தால் நான் அவளைவிடக் குறைந்தவள் என்று ஆகிவிடும். அது எனக்குப் பொறுக்காது.

உன் அப்பன் பெரிய வேலை என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான். திரியட்டும்.

மே மாதம் வா. சாப்பாடு போடுவேன். தலை வாரிவிடுவேன். வருகிறவர்களிடம் எம் பேத்தி என்றுதான் சொல்வேன். ஆனால் ஒன்றை இப்போதே தெரிந்துகொள். நான் மன்னிக்காமல் வைத்திருந்தவர்கள் நிறையப் பேர். இரவல் வாங்கின தையல் மெஷினைத் திருப்பித் தராத என் நாத்தனார். உன் தாத்தா செத்த அன்றைக்கு ரேடியோவை நிறுத்தாத பக்கத்து வீட்டுக்காரி. இந்த வாரம் எல்லாரையும் விட்டுவிட்டேன். உன் மேடமையும் விட்டேன், அதற்கு இரண்டு நாள் பிடித்தது. எல்லாரையும் வைத்துக்கொள்ள இந்த வயசில் தெம்பு இல்லை, ஒரு ஆளுக்குத்தான் இருக்கிறது.

அது நீ.

பாட்டி