இடது கைக்கு எழுதப்படாதது

இன்று தபாலில் காப்பீட்டைப் புதுப்பிக்கச் சொல்லி நோட்டீஸ் வந்தது. பழுப்பு உறையைப் பிரித்ததும் அதே கோந்து வாசனை. நம் மிஷன் மருத்துவமனையின் விடுதி வரவேற்பறையில், அறுவைப் பயிற்சியின் கடைசி மாதத்தில், உனக்கும் எனக்கும் நடுவில் ஏஜென்ட் விரித்துவைத்த பாரங்களிலும் அது அடித்தது.

உன்மேல் எனக்கிருந்த பொறாமை உனக்குத் தெரியுமா என்று இன்னும் தெரியவில்லை. நான் தையல் போட்டால் நம் அறுவைப் பிரிவின் சீஃப் குனிந்து பார்ப்பார். நீ போட்டால் நம்பிக் கை கழுவப் போய்விடுவார். மூன்று வருடங்கள் அவர் முதுகைப் பார்த்தபடி உன் பக்கத்தில் நின்றேன்.

"வலது கட்டவெரலு போனா கூடுதலா வருங்க, டாக்டரம்மா" என்றார் ஏஜென்ட்.

"எடது கட்டவெரலு என்ன பாவம் பண்ணுச்சுங்க? நான் முடிச்சு போடறதே அந்தக் கையிலதான்" என்றாய். அவர் சிரித்துவிட்டு இரண்டாவது பாரத்தை எடுத்தார்.

"மொதல்ல காட்டுனது விபத்துக்கு மட்டுந்தாங்க. இதுல நோவு வந்து கை வெளங்காம போனாலும் குடுப்பாங்க. கட்டறது கொஞ்சம் சாஸ்தி."

நீ என்னைப் பார்த்தாய். "கை நின்னுபோச்சுன்னா எங்கம்மா மறுபடியும் தக்காளிக் கூட தூக்கணும்டி. ரெண்டாவதே எடுத்துக்கட்டுமா?"

அவ்வளவு விலைமதிப்பா உன் கைக்கு என்று எனக்குள் சுருக்கென்றது. "நமக்கு நோவு என்ன வரப்போவுது? கத்தி பட்டாத்தான் உண்டு. மொதல்ல சொன்னதே போதும்" என்றேன். நீ என்னை நம்பினாய். கத்தியோடு பிழைப்பவர்களுக்குக் கத்தியின் பயம் மட்டுமே இருக்கும். அதனால் அந்தப் பேச்சு உனக்கு நியாயமாகவே பட்டிருக்கும். மறுநாள் நான் தனியாகப் போய் இரண்டாவது பாரத்தில் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த வருடம் உன் இடது கையிலிருந்து ஊசி நழுவியது. பிறகு கத்தரி. தசைகளைத் தின்னும் நோய் என்றார்கள். விபத்து இல்லை என்று உன் இழப்பீட்டு மனு திரும்பி வந்தது. உன் நோய்ச் செய்தி கேட்ட நொடியில், துக்கத்துக்கும் முன்னால், 'இனி சீஃப் என்னைக் கூப்பிடுவார்' என்று ஒரு நினைப்பு ஓடியது. இதை வேறு யாரிடமும் சொன்னதில்லை.

கடைசியாக உன்னைப் பார்க்க வந்தபோது மாரண்டஹள்ளி பஸ்ஸில் உன் அம்மா ஏறினார். மடியில் வெறும் கூடை, அதற்குள் சும்மாடு. "வாம்மா, வூட்டுக்குத்தானே வர்ற? ஒன்னத்தான் கேட்டுக்கிட்டே கெடக்கறா" என்றார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

உன் கட்டிலருகே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். உனக்கு யோசனை சொல்லிவிட்டு நான் மற்றதை எடுத்ததை. நீ குழறலாக, "நீயாச்சும் எடுத்தியே, மக்கு" என்றாய்.

அழுதேன். அழும்போதே, மன்னிப்பதையும் என்னைவிட இவள் நன்றாகச் செய்கிறாளே என்று நெஞ்சு எரிந்தது.

நோட்டீசில் கையெழுத்துப் போட்டு உறையை ஒட்டிவிட்டேன். நாளைக் காலை ஒரு குடல்வால் அறுவை இருக்கிறது. கடைசி முடிச்சை, வழக்கம்போல, உன்னைப் போல இடது கையால் போடுவேன். சீஃப் இப்போதெல்லாம் குனிந்து பார்ப்பதில்லை. நான்தான் குனிந்து பார்க்கிறேன்; இதுவரை ஒருமுறைகூட அது உன்னுடையதைப் போல விழவில்லை.