தையற்காரரின் பல்வலி

அன்புள்ள அம்மா,

நான் சுகம். உன் மூட்டுவலி குறைந்ததா?

எங்கள் மனநல வார்டில் இருக்கும் தையற்காரர், "வாயில ஆணி அடிக்கிறாங்க" என்று மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. நோய்தான் அப்படிப் பேசவைக்கிறது என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன். கடைவாய்ப் பல் சொத்தையாகி ஈறு வீங்கியிருந்தது. பல்லைப் பிடுங்கிய மறுநாள் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டுவிட்டு, "பைத்தியத்துக்கும் பல்லு வலிக்கும், சிஸ்டர்" என்று சிரித்தார்.

அண்ணனும் மனநோய்க்கு மாத்திரை போடுகிறவன்தானே. கால் எரிகிறது என்று அவன் சொன்னதை நாமும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உடனே கூட்டிப்போய்ச் சர்க்கரை பார்த்துவிடு. அந்த மாத்திரையால் சர்க்கரை கூடி, கால் எரியலாம். சரிசெய்துவிடலாம், பயப்படாதே. வலியைப் பற்றி அவன் சொல்வதை அவன் குரலிலேயே போனில் பதிவுசெய்து அனுப்பு, இத்தனை நாள் கேட்காததற்கு என்னைத் திட்டினாலும் பரவாயில்லை.

வார்டில் கூப்பிடுகிறார்கள், வருகிறேன்.

உன் மகள்