காணாமல் போன பச்சைப் புள்ளிகள்

அன்புள்ள சில்லுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல், வாய்க்கு மட்டும் ஓய்வில்லாமல் இருக்கிறோம். நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தூங்க வேண்டிய நேரத்தில் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். தெரியும் என்று எழுதவில்லை, நம்புகிறேன் என்றுதான் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது, ஆபீசில் நீ செய்த முதல் மென்பொருள் வெளியே வந்துவிட்டது, யாரும் தொடாத பட்டன்களை எல்லாம் எடுத்துத் திரையைத் துடைத்து வைத்ததுபோல் ஆக்கிவிட்டோம் என்று மூச்சுவிடாமல் சொன்னாய். நான் ரொம்ப சந்தோஷம் என்றேன். அங்கே என்ன விசேஷம் என்று கேட்டாய், ஒன்றுமில்லை என்றேன். சொல்லாமல் விட்டது இதுதான்: போன மாதம் நீ சொன்னாயே என்று எங்கள் பதிவு அறைக் கம்ப்யூட்டரில் அப்டேட் போட்டேன், மறுநாள் காலை போய்த் திறந்தால் என் வண்ணப் புள்ளிகள் ஒன்றுகூட இல்லை. அந்த மென்பொருள் உங்கள் கம்பெனியுடையது இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நீ அவ்வளவு சந்தோஷமாக இருந்த நேரத்தில் அதைச் சொல்ல மனசு வரவில்லை, போனில் எனக்கு எதையும் முழுசாகச் சொல்லவும் வராது, அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

எங்கள் அறை உனக்குத் தெரிந்ததுதான், நூலகத்துக்குப் பின்னால், சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டி, பதிவு ஓடும்போது ஃபேனை நிறுத்திவிட வேண்டிய அதே புழுக்க அறை. கண் தெரியாதவர்களுக்காக யாராவது வந்து புத்தகம் படிப்பார்கள், நான் பதிவு செய்து, வெட்டி, ஒட்டி அனுப்புவேன். நீ போன பிறகு ஒரு டிரைவர் படிக்க வருகிறார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், டிப்போவில் அவருக்கு ஹாரன் என்று பெயராம், குரல் அப்படி. அவர் மனைவிக்குக் கொஞ்ச வருஷமாகப் பார்வை இல்லை. அந்த அக்காவுக்குப் பிடித்த ஒரு பெரிய நாவலைத்தான் படித்துக்கொண்டிருந்தார். வீட்டிலேயே படித்துக் காட்டலாமே என்று ஒருநாள் கேட்டேன். "எங்க விடுறா தங்கச்சி, நான் நாலு வரி படிச்சா நாற்பது வரி பேசுறேனாம், புத்தகத்தைப் பிடுங்கிட்டா" என்றார். அது பொய்யில்லை. இங்கேயும் அப்படித்தான். நாயகன் கடைசி பஸ்ஸைத் தவற விட்டுவிட்டு அழுகிற இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டு, "இங்க உட்கார்ந்து அழுறான் பாரு, டிப்போவுக்கு ஒரு போன் போட்டா வண்டி எங்க நிக்குதுன்னு சொல்ல மாட்டாங்களா" என்று மைக்கிடமே கேட்பார். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து கையைக் காட்டுவேன், மறுபடி முதலிலிருந்து படிப்பார். இப்படி ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் பல பதிவுகள். சுத்தமாக வந்ததற்குப் பச்சைப் புள்ளி, வெட்ட வேண்டியதற்கு மஞ்சள், வேண்டாததற்குச் சிவப்பு. கோப்பின் பெயரிலேயே எழுதி வைத்திருக்கலாமே என்று நீ கேட்பாய், கேட்காதே, பெயரை மாற்றினால் வெட்டுகிற மென்பொருளுக்கு அது எந்தக் கோப்பு என்றே தெரியாமல் போய்விடும், எல்லாம் பதிவுக் கருவி கொடுத்த எண்ணோடுதான் இருந்தாக வேண்டும். அந்த நிறங்களுக்கு என்ன அர்த்தம் என்று நான் யாரிடமும் சொன்னதுகூட இல்லை. மனசுக்குள் வைத்திருக்க வேண்டியதை அந்தத் திரையில் வைத்துவிட்டு நிம்மதியாக இருந்திருக்கிறேன், புள்ளிகள் போனதும் ஒரே மாதிரி சாம்பல் நிறத்தில் வரிசையாக நின்ற எண்களைப் பார்த்து எனக்கு எதுவுமே ஞாபகம் வரவில்லை.

கம்ப்யூட்டர் கடைக்காரரைக் கூட்டிவந்து காட்டினேன். பழைய பதிப்புக்குத் திரும்பலாம் மேடம், ஆனா புள்ளி திரும்பாது என்றார். கம்பெனிக்கு எழுதினேன். குறைவான பேரே பயன்படுத்தியதால் இந்த வசதி விலக்கப்பட்டது, புதிய எளிமையை அனுபவியுங்கள் என்று பதில் வந்தது. அனுபவித்தேன். அன்று சாயங்காலம் அப்பா லிஃப்ட் ரிப்பேர் வேலை முடிந்து கிரீஸ் கையோடு வந்ததும் சொன்னேன், உன் அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார். "நாலாவது மாடிக்குப் போறவங்க கம்மின்னு நாங்க லிஃப்ட்ல நாலாம் நம்பர் பட்டனைப் பிடுங்கிட்டுப் போனா என்னடி ஆகும்? அங்க குடியிருக்கிறவன் கடப்பாரையோட வந்து நிப்பான்ல" என்றார். எனக்கு இருந்த ஆத்திரத்தில் சிரிக்கக் கூடாது என்று நினைத்தேன், முடியவில்லை.

ஆனால் சிரித்துக்கொண்டு சும்மா இருக்கவும் முடியாத நிலைமை. டிரைவருக்குத் தொண்டையில் ஏதோ வளர்ந்திருக்கிறது. பயப்படும்படியானது இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார், எடுத்துவிடலாம், ஆனால் வெள்ளிக்கிழமையோடு பேச்சை நிறுத்தி விட வேண்டும், பிறகு குரல் எப்படித் திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாதாம். எந்த அத்தியாயத்துக்காவது சுத்தமான பதிவு இல்லை என்று தெரிந்தால் அதற்குள் படித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் புத்தகத்தை அந்தக் குரலில் முடிக்கவே முடியாது. அதைத் தெரிந்துகொள்ள எல்லாவற்றையும் கேட்க வேண்டும், நான் ஒருத்தி கேட்டால் வெள்ளிக்கிழமை தாண்டிவிடும். திங்கட்கிழமை காலை தயங்கித் தயங்கித்தான் டிரைவரிடம் விஷயத்தைச் சொன்னேன், கோபப்படுவார் என்று நினைத்தேன். "அதுக்கென்ன தங்கச்சி, கேக்குறதுக்குன்னே வீட்டுல ஒரு ஆள் இருக்கு, என் குரல்ல தும்மல் எங்க வரும்னுகூட அதுக்குத் தெரியும்" என்று போய் அக்காவைக் கூட்டிவந்துவிட்டார்.

முதல் பாதியை நான் ஒரு கம்ப்யூட்டரில் எடுத்துக்கொண்டேன், இரண்டாம் பாதியை அவர்கள் இன்னொன்றில். கோப்புகளைப் போட்டு வைக்கத் திரையில் இரண்டு பெட்டி போட்டுக்கொடுத்தேன், ஒன்று வைத்துக்கொள்ள வேண்டியது, ஒன்று தள்ள வேண்டியது. அக்கா காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வைங்க, தள்ளுங்க என்று சொல்ல, ஹெட்போன் இல்லாததால் காதில் எதுவும் விழாத டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, மவுசை ஸ்டியரிங் மாதிரி இறுக்கிப் பிடித்துக்கொண்டு கோப்பை நகர்த்துவார். ஸ்டியரிங்கை விட இது கஷ்டம், திருப்பின பக்கம் போக மாட்டேங்குது என்று முணுமுணுப்பார். அக்கா நடுவில் நடுவில் சிரிப்பார். "என்ன சிரிப்பு, நான் நல்லாத்தானே படிச்சிருக்கேன்" என்று இவர் கேட்பார். "ரொம்ப நல்லாப் படிச்சிருக்கீங்க, வைங்க" என்பார் அவர். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

வியாழக்கிழமை மத்தியானம் வைத்துக்கொண்ட பெட்டியைத் திறந்து ஒன்றிரண்டு கேட்டுப் பார்த்தேன். கடைசி பஸ் அழுகை, டிப்போ போன், எல்லாம் அதில் இருந்தது. நாயகன் மனைவியிடம் பொய் சொல்கிற இடத்தில் டிரைவர் படிப்பதை நிறுத்திவிட்டு, "மாட்டப் போறான் பாரு, நானும் மாட்டியிருக்கேன், எங்க வீட்டுல இருக்கிறதுக்கு மூக்கு அப்படி" என்று சொன்னதும் இருந்தது. அவர் வாயை மூடிக்கொண்டு ஒழுங்காகப் படித்த ஒவ்வொன்றும் தள்ளின பெட்டியில் கிடந்தது. என்ன அக்கா இது, தலைகீழாகப் போட்டிருக்கீங்களே என்றேன். "நீ நல்லதை எடுத்து வைன்னு சொன்ன, நான் எனக்கு நல்லாயிருக்கிறதை வச்சேன், தப்பா?" என்று அப்பாவியாகக் கேட்டார். வீட்டில் பேச விடாமல் புத்தகத்தைப் பிடுங்கினதே நீதானே என்று டிரைவர் கத்தினார். "அப்ப நீங்க நாளைக்கும் பேசுவீங்கன்னு நினைச்சேன்" என்றார் அக்கா. டிரைவர் எழுந்து தண்ணீர் குடிக்க வெளியே போய்விட்டார், நான் வேலை இருப்பதுபோல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நல்ல வேளையாக, தலைகீழாக இருந்தாலும் பிரித்துத்தான் இருந்தது, இரண்டு பெட்டியின் பெயரையும் மாற்றினால் போதும். பார்த்தபோது, என் முதல் பாதியில் குறையில்லை, இரண்டாம் பாதியில் ஒரே ஒரு அத்தியாயத்துக்கு மட்டும் சுத்தமான பதிவு இல்லை, எல்லாவற்றிலும் பேசியிருக்கிறார். வெள்ளிக்கிழமை காலை ஃபேனை நிறுத்திவிட்டு அதைப் பதிவு செய்தோம். அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். சட்டை முழுக்க நனைந்துபோக, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல், நான் கையைக் காட்டவே வேண்டியில்லாமல் படித்து முடித்தார். இந்த ஒரு வருஷத்தில் அவர் அப்படிப் படித்ததே இல்லை. வெளியே வந்து எப்படி என்று மனைவியைக் கேட்டார். "நல்லாத்தான் இருக்கு, யாரோ படிக்கிற மாதிரி இருக்கு" என்றார் அக்கா. டிரைவர் என்னைப் பார்த்தார், பிறகு திரும்பி உள்ளே போய் மைக் முன்னால் உட்கார்ந்து, புத்தகத்தைத் திறக்காமலேயே, அந்த அத்தியாயத்து நாயகனை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை திட்டித் தீர்த்தார். நான் நிறுத்தவில்லை. சுத்தமான புத்தகம் எல்லோருக்கும் போகும், மற்ற பெட்டியை போட்டுக் கேட்கிற ஒரு சின்னக் கருவியில் ஏற்றி அக்காவின் கைப்பைக்குள் போட்டு அனுப்பினேன். இது நூலகத்துக்குத் தெரிய வேண்டாம்.

கண்ணு, இதை உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை. குறைவான பேர் என்று உங்கள் ஆபீசில் அடுத்த தடவை யாராவது சொன்னால், அந்தக் குறைவான பேர் யார், அதை வைத்து என்ன செய்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுப் பார், அவ்வளவுதான். எடுக்கத்தான் வேண்டும் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், மனுஷி ஒரு தாளிலாவது எழுதி வைத்துக்கொள்வாள். நானும் இப்போது தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன், அப்பா அதை அப்டேட் பண்ணவா என்று தினமும் கேட்கிறார். குளிருக்கு அந்தச் சாம்பல் ஸ்வெட்டரை எடுத்துப் போடு, அலமாரிக்காக வாங்கிக் கொடுக்கவில்லை. பல் டாக்டரிடம் போனாயா என்று எழுது, போனில் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாய். உன் கைகள் செய்கிற வேலை நாலு பேருக்கு உதவியாக இருக்கட்டும், உன் மனசு எப்போதும் லேசாக இருக்கட்டும்.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்,
அம்மா

பி.கு.: கடிதத்தை மடித்து, படித்துக்கொண்டிருந்த புத்தகத்துக்குள் அடையாளமாக வைத்தவள் தபாலில் போட மறந்தே போனேன், மாதம் ஓடிவிட்டது. டிரைவருக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பேசலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பழைய குரல் இல்லை. நேற்று வந்து அடுத்த நாவலின் முதல் பக்கத்தைப் பதிவு செய்துவிட்டுப் போனார்.